முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரின் அரசியல் வாழ்வைத் தொகுப்பது எப்படி? வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நூற்றாண்டு மலர், நினைவு மலர், ஊர் வரலாறு, கல்லூரி ஆய்வேடு என்று ஏதோ ஒன்றுக்காக, "நம்ம ஊரு எம்.எல்.ஏ. பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுப்பா" என்று யாராவது உங்களைப் பிடித்திருப்பார்கள். வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்தில் இப்படி ஏழெட்டுப் பேரின் சட்டமன்ற வாழ்வை நான் தொகுத்திருக்கிறேன். புதிதாக இறங்குகிறவர்கள் விழும் பள்ளம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் நாளே வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டுக்குக் கடைசியில்தான் போக வேண்டும். காரணம் பத்தாவது படியில் வரும்.

1. தொடங்கும் முன்

கம்ப்யூட்டரில் எக்செல் போதும், கோடு போட்ட நோட்டு என்றாலும் சரி. எட்டுக் கட்டங்கள்: தேர்தல் ஆண்டு, தொகுதி, தொகுதி எண், கட்சி, சின்னம், பெற்ற வாக்கு, இரண்டாவதாக வந்தவரும் அவர் வாக்கும், ஆதாரம். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு ஒரு வரியும் எழுதாதீர்கள். மூன்று மாதம் கழித்து "இந்த எண்ணை எங்கே பார்த்தோம்?" என்று நீங்களே தலையைச் சொறிவீர்கள்.

தோற்ற தேர்தல்களுக்கும் வரிசை வேண்டும். வெற்றிகளை மட்டும் அடுக்கினால் நடுவே பத்தாண்டு ஆள் எங்கே போனார் என்பது தெரியாது. அந்தப் பத்தாண்டில்தான் பெரும்பாலும் கட்சி மாறியிருப்பார், அல்லது ஊராட்சி ஒன்றியத் தேர்தலில் நின்றிருப்பார்.

அடிப்படை ஆவணம் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள். 1951-52 தேர்தலில் இருந்து ஒவ்வொரு சட்டமன்றப் பொதுத்தேர்தலுக்கும் பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆளுக்கு முன் தொகுதி

நம் பக்கத்தில் மாவட்டத்தின் பெயரும் எல்லையும் அடிக்கடி மாறியவை. பழைய வட ஆற்காடு 1989-ல் இரண்டாகி, ஒரு பாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், மறு பாதி திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் ஆனது. அம்பேத்கர் மாவட்டம் பிறகு வேலூர் மாவட்டமாகி, 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. 1967-ல் செய்யாறிலோ போளூரிலோ வென்றவரும் அன்றைக்கு வட ஆற்காட்டு எம்.எல்.ஏ.தான். அவரை "வேலூர் மாவட்ட எம்.எல்.ஏ." என்று எழுதினால் தப்பு. எழுதும்போது அந்த ஆண்டில் இருந்த மாவட்டப் பெயரைப் போட்டு, இன்றைய மாவட்டத்தை அடுத்த வரியில் சொல்லுங்கள்.

அடுத்தது தொகுதி எல்லை. இப்போது அரக்கோணம் 38-ஆம் எண்ணில் தொடங்கி சோளிங்கர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை வழியாகத் திருப்பத்தூர் 50-இல் முடிகிறது. இந்தப் பதின்மூன்றும் இப்போதைய எல்லையோடு 2008 மறுவரையறைப்படி 2011 தேர்தலில் நடைமுறைக்கு வந்தவை. அதற்கு முன் பேர்ணாம்பட்டு, நாட்றம்பள்ளி என்றும் தொகுதிகள் இருந்தன, இப்போது இல்லை. கீழ்வைத்தினான்குப்பமும் ஜோலார்பேட்டையும் அப்போது புதிதாக வந்தவை.

இது தெரியாமல் ஒரு மாணவர் எழுதியதைப் பார்த்தேன்: "2011-ல் தோல்வி பயத்தால் குடியாத்தத்தை விட்டு ஒதுங்கினார்." குடியாத்தம் அந்தத் தேர்தலில் இருந்து தனித் தொகுதி, அதாவது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது. பொதுப் பிரிவுக்காரர் அங்கே நிற்கவே முடியாது. இதில் பயம் எங்கே வந்தது?

இன்னொரு கண்ணி திருப்பத்தூர். தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் இரண்டு தொகுதிகள்: நம்முடையது 50, சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது 185. பி.டி.எஃப்.-இல் பெயரைத் தேடினால் எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. தொகுதி எண் என்று ஒரு கட்டம் போடச் சொன்னது இதற்காகத்தான். எண்களும் தேர்தலுக்குத் தேர்தல் நிலையானவை அல்ல என்பதால் அந்தந்த ஆண்டின் எண்ணையே எழுதுங்கள்.

1952, 1957 தேர்தல்களுக்குப் போனால் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் வரும். 1957-ல் 167 தொகுதிகளில் இருந்து 205 பேர் தேர்வானார்கள். ஒரே தொகுதியில் இரண்டு பெயர் இருந்தால் அச்சுப் பிழை என்று ஒன்றை அடித்துவிடாதீர்கள். இருவரும் எம்.எல்.ஏ.தான். 1962 முதல் ஒரு தொகுதிக்கு ஒருவர்.

3. ஐந்தாண்டு என்று பெருக்காதீர்கள்

"மூன்று முறை எம்.எல்.ஏ., பதினைந்து ஆண்டு சேவை" என்று மலர்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். 1977, 1980, 1984 என்று மூன்று தேர்தலில் வென்றவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பேரவை 1980 பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. மூன்றாவது 1988 ஜனவரியில் போனது. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய பத்தாண்டுதான். 1989 ஜனவரியில் வென்றவருக்கு 1991 ஜனவரியோடு சரி, இரண்டே ஆண்டு. 1971-ல் வென்றவர்களின் பேரவையும் 1976 ஜனவரி 31-ல் கலைந்தது. அதன் பிறகு 1977 தேர்தல் வரை இங்கே எம்.எல்.ஏ. என்று ஒருவரும் கிடையாது.

ஆகவே பேரவைகளின் தொடக்கம், கலைப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆளின் வாழ்க்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

4. பெயர்

பழைய அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒரே ஆளின் பெயர் நாலு விதமாக வரும். ஒரு தேர்தலில் சாதிப் பின்னொட்டோடு இருக்கும், அடுத்ததில் இல்லாமல் போகும். இனிஷியலும் அப்படித்தான். தந்தை பெயரின் முதல் எழுத்து ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் வேறு. ஆறுமுகம், முருகன், கிருஷ்ணன் போன்ற பெயர்களுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை.

இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவை என்று முடிவு கட்ட, குறைந்தது இரண்டு அடையாளங்களாவது பொருந்த வேண்டும்: கட்சி, தொகுதி, வயது, தந்தை பெயர், ஊர் இவற்றில் ஏதேனும் இரண்டு. 2006 தேர்தலில் இருந்து படிவம் 26 பிரமாணப் பத்திரம் உதவும். அதில் தந்தை பெயர், வயது, முகவரி, படிப்பு எல்லாம் வேட்பாளரே எழுதிக் கையெழுத்துப் போட்டது. வயதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஐந்து ஆண்டில் மூன்று வயது மட்டும் கூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே பத்திரத்தில் வழக்கு விவரமும் இருக்கும். நிலுவையில் உள்ள வழக்கைத் தண்டனை போல எழுதிவிடக் கூடாது.

5. கட்சி ஒன்று, சின்னம் ஒன்று

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கூட்டணியில் உள்ள சிறிய கட்சித் தலைவர் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பது இங்கே சகஜம். 2021-ல் கீழ்வைத்தினான்குப்பத்தில் வென்ற ஜெகன்மூர்த்தி புரட்சி பாரதம் கட்சியின் தலைவர். நின்றது இரட்டை இலையில். ஆணையத்தின் பட்டியலைத் திறந்தால் அவர் பெயருக்கு நேரே அ.தி.மு.க. என்றுதான் இருக்கும். அதே தொகுதியில் 2011-ல் வென்ற செ.கு. தமிழரசன் குடியரசுக் கட்சிக்காரர். அவரும் இரட்டை இலைதான். பட்டியலை மட்டும் பார்த்து எழுதினால் இருவருடைய சொந்த அரசியலும் காணாமல் போய்விடும். ஊரார் சொல்வதை மட்டும் கேட்டு எழுதினால் சட்டப்படி பேரவையில் அவர் எந்தக் கட்சி உறுப்பினர் என்பது தப்பாகும். எனவே கட்சிக்கும் சின்னத்துக்கும் தனித்தனிக் கட்டம்.

இரண்டாவது, கட்சியே மாறிய கதை. வேலூர்த் தொகுதியில் ஞானசேகரன் 1991-ல் காங்கிரஸ், 1996-லும் 2001-லும் தமிழ் மாநில காங்கிரஸ், 2006-ல் மறுபடி காங்கிரஸ். நான்கு முறை தொடர்ச்சியாக வென்றவர். கட்டத்தை மட்டும் பார்த்தால் இரண்டு தடவை தாவியவர் போலத் தெரியும். 1996-ல் மூப்பனார் தலைமையில் கட்சி பிரிந்ததும், 2002-ல் அது காங்கிரசோடு இணைந்ததும் தெரிந்தால் "தாவல்" என்ற சொல்லை எடுத்துவிடுவீர்கள். கட்சிப் பெயர் மாறுகிற இடத்தில் எல்லாம் மாறியது ஆளா, கட்சியா என்று ஒரு கேள்வி போட்டுக்கொள்ளுங்கள்.

தொகுதி மாறுவதும் இதே கணக்கு. துரைமுருகன் என்றால் எல்லோருக்கும் காட்பாடிதான் நினைவுக்கு வரும். 1971-ல் முதலில் வென்றதும் அங்கேதான். ஆனால் 1977, 1980 இரண்டிலும் அவர் ராணிப்பேட்டை உறுப்பினர். 1989-ல்தான் மறுபடி காட்பாடி. "1971 முதல் காட்பாடியில் தொடர்ந்து" என்று எழுதினால் இரண்டு தப்பு: நடுவே தொகுதி வேறு, 1984, 1991 பேரவைகளில் அவர் உறுப்பினரே அல்ல. 2021-ல் 746 வாக்கு வித்தியாசத்தில் வென்றது பத்தாவது வெற்றி.

6. உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி

பொதுத்தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் வராது. இதற்கு நம் மாவட்டத்தில் இருப்பதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர் அப்போது மக்களவை உறுப்பினர். சட்டமன்றத்துக்குள் வந்தது அதே ஆண்டு குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று. 1952 அறிக்கையைத் திறந்து குடியாத்தத்தில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்; 1957-க்கு வந்தால் சாத்தூரில் இருப்பார்.

அண்மைக்கு வந்தால் 2016 பேரவை. 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 பேரில் மூவர் இந்தப் பக்கத்துக்காரர்கள்: ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் உறுப்பினர்கள். 2019 ஏப்ரலில் மூன்றுக்கும் இடைத்தேர்தல் நடந்தது. குடியாத்தத்தில் அப்படி வென்ற காத்தவராயன் 2020 பிப்ரவரியில் காலமானார். பிறகு 2021 வரை அந்த இடம் காலி. ஒரே பேரவைக் காலத்தில் ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர், இரண்டு வெற்றிடம். "2016–2021" என்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போனால் இதெல்லாம் மூடிப்போகும்.

தேதி எழுதும்போது எது எந்தத் தேதி என்று சொல்லுங்கள். 2021-ல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6, எண்ணிக்கை மே 2, உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்தது மே 11. "மே மாதம் எம்.எல்.ஏ. ஆனார்" என்றால் எதைச் சொல்கிறீர்கள் என்று படிக்கிறவருக்குத் தெரியாது.

7. எம்.எல்.ஏ. அல்லாத பதவிகளைப் பிரித்தெடுங்கள்

இது என் சொந்தத் தப்பு. "எங்க நைனா மூணு வாட்டி எம்.எல்.ஏ.வா இருந்தாரு" என்று ஒரு மகன் சொன்னார். நானும் மலரில் "மும்முறை சட்டமன்ற உறுப்பினர்" என்று போட்டேன். ஐந்நூறு பிரதி அச்சாகி வந்த பிறகு ஒரு பழைய ஆசிரியர் போன் செய்து, "தம்பி, ரெண்டு வாட்டிதான். நடுவுல ஒருவாட்டி யூனியன் சேர்மன்" என்றார். அவர் சொன்னது சரி. அச்சகத்தில் சின்ன ஸ்டிக்கர் அடித்து வாங்கி, இரவு முழுக்க உட்கார்ந்து ஐந்நூறு பிரதியிலும் பதினொன்றாம் பக்கம், மேலிருந்து நாலாவது வரியில் ஒட்டினேன். பசை காய்ந்ததும் ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பிக்கொண்டு, அந்த வரியே முதலில் கண்ணில் பட்டது.

மகன் பொய் சொல்லவில்லை. வீட்டில் எல்லாப் பதவியும் "எம்.எல்.ஏ."தான். ஒன்றியப் பெருந்தலைவர், நகராட்சித் தலைவர், கூட்டுறவு வங்கித் தலைவர், மேலவை உறுப்பினர் எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் கலந்துவிடும். மேலவை 1986 நவம்பரில் ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறைக்காரர் என்றால் எம்.எல்.சி.யா (மேலவை உறுப்பினரா) என்று தனியே சரிபார்க்க வேண்டும். ஆணையத்தின் சட்டமன்ற அறிக்கைகளில் மேலவைக்காரர்கள் இருக்கமாட்டார்கள்.

8. அவையில் என்ன செய்தார்

வென்றது, தோற்றது மட்டும் வைத்து எழுதினால் அது வாக்கு எண்ணிக்கைப் பட்டியல். ஆள் தெரிவது பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில்தான். வினா-விடை நேரத்தில் என்ன கேட்டார், மானியக் கோரிக்கையில் எந்தத் துறையில் பேசினார், வெட்டுத் தீர்மானம் (துறைக்கான பணத்தைக் குறைக்கக் கோருவது) கொடுத்தாரா, பொதுக் கணக்குக் குழுவிலோ மதிப்பீட்டுக் குழுவிலோ இருந்தாரா என்று பாருங்கள். குழுப் பொறுப்புகளை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எதிர்க்கட்சி உறுப்பினருக்கு அதுதான் பெரிய வேலை.

ஒரு சின்ன எச்சரிக்கை: நடவடிக்கைக் குறிப்பின் பாகத்தையும் "தொகுதி" என்பார்கள், வாக்காளர் இருக்கும் இடத்தையும் "தொகுதி" என்பார்கள். உங்கள் குறிப்பேட்டில் "தொகுதி 40" என்று எழுதினால் அது காட்பாடியா, புத்தகமா? நான் புத்தகத்துக்கு "பாகம்" என்று எழுதிக்கொள்வேன்.

பழைய குறிப்புகளுக்கும் செய்தித்தாளுக்கும் சென்னைக்கு ஒரு நடை போக வேண்டியிருக்கும். காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம். போகும் முன் தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள். "1977-லேருந்து எல்லாப் பேப்பரும் குடுங்க" என்றால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். "1977 ஜூன் மூன்றாவது வாரம்" என்றால் கொடுப்பார்கள். முதல் ஆறு படிகளையும் முடித்துவிட்டுப் போகச் சொல்வது இதனால்தான்.

எதுவும் கிடைக்காத கேள்விக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒரு மனுவில் ஒரு பொருள் மட்டும் கேளுங்கள். "அவரைப் பற்றிய முழு விவரம்" என்று கேட்டால் பதிலும் அதே லட்சணத்தில் வரும்.

9. கல்வெட்டு

தொகுதிக்கு என்ன செய்தார் என்பதற்குச் சான்று பெரும்பாலும் சுவரில் பதித்த கல்தான். பேருந்து நிழற்குடை, ரேஷன் கடை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, பள்ளி வகுப்பறை. எல்லாவற்றையும் படம் எடுங்கள். வெள்ளை அடித்து எழுத்து மறைந்திருந்தால் மாலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள், பள்ளம் தெரியும்.

கல்லில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: திறந்து வைத்தவர் யார், நிதி எது, தேதி என்ன. திறந்து வைத்தவரே கொண்டுவந்தவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்தைய எம்.எல்.ஏ. காலத்தில் ஒதுக்கிய பணத்தில் கட்டிய கட்டடத்தை அடுத்தவர் ரிப்பன் வெட்டித் திறப்பது நடைமுறைதான். "சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி" என்று கல்லில் இருந்தால் எந்த நிதியாண்டு என்று பாருங்கள். அந்த ஆண்டில் பதவியில் இருந்தவர் யார் என்று உங்கள் கட்டம் சொல்லிவிடும். பாலம், அரசுக் கல்லூரி போன்ற பெரிய வேலைகள் அந்த நிதியில் வருவதில்லை. அவற்றுக்குத் துறையின் அரசாணையைத் தேட வேண்டும்.

10. இப்போது வீடு

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு போனால் கேள்வியே வேறாக இருக்கும். "எத்தனை வாட்டி ஜெயிச்சாருங்க?" என்று கேட்டுப் பெரியவர்களைச் சங்கடப்படுத்த மாட்டீர்கள். "1980-ல் எண்ணூறு ஓட்டுல தோத்தாரே, அன்னைக்கு ராத்திரி வீட்ல என்ன நடந்துச்சும்மா?" என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் எந்த ஆவணத்திலும் இல்லை. முதலிலேயே வீட்டுக்குப் போனால், அங்கே கேட்ட கதையை வைத்துக்கொண்டு ஆவணத்தில் அதற்குத் தோதானதை மட்டும் தேடுவோம். நானும் அப்படித் தேடியவன்தான்.

ஆல்பத்தைக் காட்டுவார்கள். படத்தை மட்டும் பார்க்காமல் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையையும் பேனாவில் எழுதிய தேதியையும் பாருங்கள். லெட்டர்பேடு இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் பதவி, விலாசம், கட்சி மூன்றும் அச்சாகி இருக்கும். குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டில் அம்மா ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மேலே மடித்த துண்டு, அதன் கீழே பழைய பரிந்துரைக் கடிதங்களின் கார்பன் நகல், தேதிவாரியாகக் கயிறு கட்டி. யாருக்கு வேலை கேட்டார், எந்த ஊருக்கு பஸ் கேட்டார் என்று எல்லாம் அதில் இருந்தது. "இதெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போடலாம்னு இருந்தேன் தம்பி" என்றார்.

எதையும் வீட்டில் இருந்து எடுத்து வராதீர்கள். அங்கேயே போனில் படம் எடுத்து, அங்கேயே திருப்பிக் கட்டி வையுங்கள். அந்தக் கடிதங்களில் உள்ள தனி மனிதர்களின் பெயர்களை மலரில் போடக் கூடாது. வேலை கேட்டு வந்தவர் பேரன் இன்றைக்கும் அதே தெருவில் இருப்பார்.

11. எழுதும்போது

தேர்தல் வரிசையை ஒரு அட்டவணையாகப் போட்டுவிட்டு, உரைநடையில் அதைத் திரும்பச் சொல்லாதீர்கள். வீட்டில் கேட்டதை "குடும்பத்தார் நினைவுப்படி" என்று எழுதுங்கள். ஆவணமும் நினைவும் மோதினால் ஆவணத்தை மேலே போட்டு, நினைவை அடுத்த வரியில் வையுங்கள், அடித்துவிட வேண்டாம். "மக்கள் தொண்டர்", "ஏழைப் பங்காளர்" போன்ற அடைமொழிகளை முதல் வரைவில் எழுதிக்கொண்டாலும் இரண்டாவது வரைவில் ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரு தேதியோ ஒரு கேள்வியோ வைக்க முடியுமா என்று பாருங்கள். மேலவை ஆண்டுகளுக்கும் ஒன்றிய ஆண்டுகளுக்கும் அட்டவணையில் வேறு நிறம் கொடுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு ஜெராக்ஸ் குடும்பத்துக்கு, இன்னொன்று எதிர்க்கட்சியில் அந்தக் காலத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவருக்கு. வீட்டுக்காரர்கள் படம் சரியில்லை என்பார்கள். எதிர்க்கட்சிக்காரர் தேதி சரியில்லை என்பார். அவர் திருத்தத்துக்கு ஒரு வாரம் காத்திருங்கள். அச்சான பிறகு இரண்டு பிரதியை மாவட்ட மைய நூலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.